அசைவுணரிகளும் செய்நிரற் பயிற்சியும்: அளவீட்டின் சமூகத்தன்மை பற்றிய ஒரு நோக்கு

கைப்பேசியைப் பக்கவாட்டிற் சரித்தால் திரையிலுள்ள படமும் உடன் திரும்புகின்றது. அதனைச் சட்டைப்பையில் இட்டு நடந்தால் அன்றைய நடையின் கணக்கு மாலையில் ஓர் எண்ணாக வந்து நிற்கின்றது. இவற்றை இயலச் செய்வன ஆர்முடுகன்மானி, கைறோஸ்கோப் எனப்படும் சுழற்சிமானி, காந்தமானி ஆகிய மூன்று சிறு உணரிகளாகும். இவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைப் பௌதிக நூல்கள் விளக்குகின்றன. ஆயின், அவை தரும் எண்கள் ‘நடை’, ‘உறக்கம்’, ‘கவனயீனம்’ முதலிய தீர்ப்புகளாக எவ்வாறு மாறுகின்றன என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே அறிவதற்கு உகந்த வழி, அவ்வுணரிகளுக்குத் தாமே செய்நிரல் எழுதிப் பார்ப்பதாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலக்கிய ஆய்வாளர் இத்தகைய பொருள் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு பிரதியை வாசிக்கும்போது அதில் யாருடைய நோக்குநிலை இயல்பான உண்மைபோலத் தோற்றமளிக்கின்றது என்று வினவுவது நமது துறையின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. இன்று மனிதரைப் பற்றி எழுதப்படும் பிரதிகளிற் பெரும்பகுதி உணரிகள் தரும் எண்களால் ஆனது. எனவே அவ்வெண்களை வாசிக்கும் முறையும் நமது அக்கறைக்கு உரியதே.

வரலாற்றுப் பின்னணி

சோவியத் பௌதிகவியலாளரான பொரிஸ் ஹெசன் 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே, நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’வின் சமூக, பொருளாதார வேர்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். கடல்வழி வணிகம், சுரங்கத் தொழில், பீரங்கிப் போர் ஆகியன எழுப்பிய பிரச்சினைகளே அக்காலப் பொறியியற் சிந்தனையின் திசையை நிருணயித்தன என்பது அவரது முடிபு. அசைவுணரிகளின் வரலாற்றையும் இவ்வகையில் நோக்குதல் பயன்தரும்.

பிரெஞ்சு விஞ்ஞானியான பூக்கோ 1852இல் சுழலும் சில்லொன்றின் துணைகொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டி, அக்கருவிக்குக் கைறோஸ்கோப் எனப் பெயரிட்டார். விரைவாகச் சுழலும் சில்லின் அச்சு தன் திசையை விட்டுக்கொடுக்காது என்பதே அதன் அடிப்படை. அவருக்கு அது ஒரு விஞ்ஞான விளக்கக் கருவி. அடுத்த நூற்றாண்டில் அது கப்பல்களினதும் ஏவுகணைகளினதும் உறுப்பாயிற்று. நாஜி ஜேர்மனியின் வீ-2 ஏவுகணையைச் சுழற்சிமானிகள் நேர்ப்படுத்தின. அவற்றுட் பலவற்றில், ஆர்முடுகலைத் தொகையிட்டு வேகத்தைக் கணிக்கும் கருவியொன்று, உரிய வேகம் எட்டப்பட்டதும் இயந்திரத்தை நிறுத்தியது. அவ்வேவுகணைகளைச் செய்தவர்கள் மிற்றெல்பவ்-டோறா வதைமுகாமின் அடிமைத் தொழிலாளர். அங்கு அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

போருக்குப் பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் சாள்ஸ் ஸ்ராக் டிறேப்பர் நடத்திய ஆய்வுகூடம் இத்துறையின் தலைமையிடமாயிற்று. சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலங்களுக்கும், அணுவாயுதம் தாங்கிய பொலாறிஸ் ஏவுகணைகளுக்கும் வழிகாட்டுந் தொகுதிகளை வடிவமைத்தது அவ்வோர் ஆய்வுகூடமே. 1969இல் மாணவரும் ஆசிரியருட் சிலரும் இதனை எதிர்த்துப் போராடினர். 1973இல் அவ்வாய்வுகூடம் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

அடுத்த மாற்றம் மோட்டார்க் கைத்தொழிலால் வந்தது. மோதலின்போது காற்றுப்பையை விரியச் செய்வதற்கு மலிவான, சிறிய ஆர்முடுகன்மானி தேவைப்பட்டது. 1990களின் தொடக்கத்திலே சிலிக்கன் சில்லில் நுண்ணியதாகச் செதுக்கப்பட்ட உணரிகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படலாயின. விலை வீழ்ந்தமையால் அவை விளையாட்டுக் கருவிகளிலும் கைப்பேசிகளிலும் இடம்பெற்றன. 2007இல் வெளிவந்த முதலாவது ஐபோனில் ஆர்முடுகன்மானி இருந்தது. 2010இல் வெளிவந்த நான்காவது வகையில் சுழற்சிமானியும் சேர்ந்தது. ஒரு காலத்தில் இராணுவ இரகசியமாயிருந்த அளவீடு இன்று கோடிக்கணக்கானோரின் சட்டைப்பையில் உள்ளது. ஆயினும் அதன் எண்களை வாசிக்கவும் பொருள்கொள்ளவும் வல்லோர் தொகை அதற்கேற்பப் பெருகவில்லை.

பயிற்சிக்கான கருவிகள்

இவ்வுணரிகளோடு நேரடியாகப் பழகுவதற்கு இரு எளிய வழிகள் உள. ஒன்று, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2016இல் அந்நாட்டின் பதினொரு, பன்னிரண்டு வயது மாணவருக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் எண்ணிக்கையில் இலவசமாக வழங்கிய ‘மைக்றோபிற்’ என்னும் சிறு கணினிப் பலகை. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையில் ஆர்முடுகன்மானியும் காந்தத் திசைகாட்டியும் உண்டு, சுழற்சிமானி இல்லை. மற்றையது, கைப்பேசியின் இணைய உலாவி. ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் இருபது வரிகளுக்கு மேற்படாத செய்நிரலொன்றை இணையப்பக்கத்தில் எழுதினால், உணரியின் பெறுமானங்கள் செக்கனுக்குப் பல தடவை திரையிலே வந்து விழும். ஐபோன்களில் 2019 முதல் பயனரின் அனுமதியைக் கேட்டுப்பெற்ற பின்னரே இணையப்பக்கம் இவ்வுணரிகளை வாசிக்க முடியும். இவ்வெச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சுழற்சிமானி அருகிலுள்ள பேச்சொலியின் அதிர்வையும் ஓரளவு பதிவு செய்கின்றது என்பதை ஆய்வாளர் 2014இல் எடுத்துக்காட்டியிருந்தனர்.

முதற் பயிற்சி: ஓய்விலுள்ள கைப்பேசி

ஆர்முடுகன்மானி மூன்று அச்சுகளில் அளக்கின்றது: திரையின் அகலவாக்கு, நீளவாக்கு, திரைக்குச் செங்குத்து. (ஈழத்துப் பாடநூல்கள் ஆர்முடுகல் என்பதனையே தமிழக நூல்கள் முடுக்கம் என்கின்றன.) செய்நிரல் செய்ய வேண்டியது மூன்று எண்களையும் திரையில் எழுதுவது மட்டுமே.

கைப்பேசியை மேசைமீது அசையாது வைத்தால் மூன்று எண்களும் பூச்சியமாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். திரையிலோ செங்குத்து அச்சில் செக்கன் வர்க்கத்துக்கு 9.8 மீற்றர் என்ற பெறுமானம் நிற்கும். அசையாத பொருளுக்கு ஆர்முடுகல் ஏது? உணரியின் அமைப்பை அறிந்தால் இப்புதிர் அவிழும். சில்லினுள்ளே நுண்ணிய சிலிக்கன் விற்களிலே ஒரு சிறு திணிவு தொங்குகின்றது. சட்டகத்தைச் சார்ந்து அது விலகும்போது, அதனோடு இணைந்த சீப்புப் பற்கள் போன்ற தகடுகளிடையேயுள்ள இடைவெளி மாறி, மின் கொள்ளளவமும் மாறுகின்றது. உணரி அறிவது இதனையே. மேசை கைப்பேசியை மேல்நோக்கித் தாங்குகின்றது. உள்ளிருக்கும் திணிவை வில் தாங்க வேண்டியிருக்கின்றது. அதனால் வில் வளைகின்றது. அவ்வளைவே 9.8 என எழுதப்படுகின்றது.

இனி, கைப்பேசியைத் தலையணையொன்றின் மேல் சிறிது உயரத்திலிருந்து விழவிட்டு, பதிவான எண்களைப் பார்த்தல் வேண்டும். விழும் அச்சிறு பொழுதில் மூன்று எண்களும் பூச்சியத்தை அண்மிக்கும். உண்மையில் ஆர்முடுகும் வேளையிலே கருவி ‘ஒன்றுமில்லை’ என்கின்றது. சட்டகமும் திணிவும் ஒருங்கே விழுவதால் வில் வளைவதில்லை. 1907இல் ஐன்ஸ்ரைனின் சிந்தனையைப் பொதுச் சார்புக் கொள்கையின்பால் திருப்பியதும் இவ்வுண்மையே: சுயாதீனமாக விழுபவர் தம் நிறையை உணரார். இருபது வரிச் செய்நிரலும் ஒரு தலையணையும் கொண்டு பயில்பவர் இதனைக் கண்ணாற் காணலாம். கருவி அளப்பது ‘அசைவு’ அன்று, ஒரு சிறு திணிவின்மீது தொழிற்படும் தாங்குவிசை என்பது இங்கு பெறப்படும் முதற் பாடம்.

இப்பயிற்சியில் வேறொரு செய்தியும் வெளிப்படும். கைப்பேசி திரை மேனோக்க மேசையிற் கிடக்கும்போது அன்றொயிட் கருவிகள் செங்குத்து அச்சிலே நேர்ப்பெறுமானத்தைத் தருகின்றன. ஐபோனின் சொந்த நிரற்றொகுதியோ மறைப்பெறுமானத்தைத் தருகின்றது. புவியீர்ப்பு ஒன்றே, குறி வேறு. எத்திசையை நேரெனக் கொள்வது என்பது நிறுவனங்களின் வழக்காறு. அளவீட்டின் முதற் படியிலேயே மனித உடன்பாடு கலந்திருத்தலைப் பயில்பவர் காண்கின்றார்.

இரண்டாம் பயிற்சி: சரிவும் திசையும்

கைப்பேசியை 30 பாகை சரித்தால், 9.8 என்ற பெறுமானத்தின் ஒரு பங்கு நீளவாக்கு அச்சுக்கு மாறும். 30 பாகையின் சைன் பெறுமானம் அரை. ஆதலின் அவ்வச்சு 4.9 காட்டும். இதனைத் தலைகீழாகக் கணித்தால் சரிவுக் கோணம் கிடைக்கும். திரையிலுள்ள படம் திரும்புவது இக்கணிப்பினாலேயாம்.

ஆனால் மேசையிற் கிடக்கும் கைப்பேசியை, தட்டையாகவே வைத்து வடக்கிலிருந்து கிழக்குக்குத் திருப்பினால் ஆர்முடுகன்மானியின் எண்கள் மாறா. ஈர்ப்பின் திசை மாறவில்லையன்றோ! இங்கே காந்தமானி தேவைப்படுகின்றது. இலங்கை புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் அமைந்திருப்பதால் இங்கு புவிக் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடையாக உள்ளது. ஐரோப்பாவிலோ அது நிலத்தினுள் செங்குத்தாகச் சாய்ந்து செல்கின்றது. திரையில் மூன்று காந்த எண்களையும் எழுதிப் பார்க்கும் நமது மாணவர், செங்குத்து அச்சின் எண் மிகச் சிறிதாயிருப்பதைக் கண்டு இதனை உய்த்துணரலாம். அருகில் ஓர் இரும்புச் சாவியைக் கொண்டுவந்தால் ‘வடக்கு’ இடம்மாறுவதையும் காணலாம்.

மூன்றாம் பயிற்சி: வழுவின் பெருக்கம்

ஆர்முடுகலைத் தொகையிட்டால் வேகமும், வேகத்தைத் தொகையிட்டால் தூரமும் கிடைக்கும் எனப் பாடசாலையிற் கற்கின்றோம். இதனைச் செய்நிரலாக எழுதிக் கைப்பேசியை மேசையில் வைத்தால், அசையாத கைப்பேசி திரையிலே பயணம் செய்யத் தொடங்கும். உணரியிற் செக்கன் வர்க்கத்துக்கு 0.05 மீற்றர் அளவான நிலையான வழு இருப்பதாகக் கொள்வோம். பத்துச் செக்கனில் அது 2.5 மீற்றராகவும், ஒரு நிமிடத்தில் 90 மீற்றராகவும் வளரும்.

சுழற்சிமானிக்கும் இதே குறை உண்டு. கைப்பேசியிலுள்ள சுழற்சிமானியிற் சில்லு எதுவும் சுழல்வதில்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் நுண்திணிவொன்று, கருவி சுழலும்போது பக்கவாட்டில் விலகுகின்றது. 1835இல் கொறியோலி கணித்தறிந்த விளைவு இது. அது தருவது கோணவேகம்; செக்கனுக்கு 0.1 பாகை வழுவிருப்பின் ஒரு நிமிடத்தில் 6 பாகை பிழைக்கும். ஆர்முடுகன்மானி நீண்ட நேரத்துக்கு நம்பத்தக்கது; ஆனால் கை நடுங்கினால் அதுவும் தடுமாறும். சுழற்சிமானி கணப்பொழுதில் நம்பத்தக்கது. நாளடைவில் வழி தவறும். எனவே இரண்டும் இணைக்கப்படுகின்றன. முந்திய கோணத்தோடு சுழற்சிமானி காட்டும் மாற்றத்தைக் கூட்டி 0.98ஆற் பெருக்கி, ஆர்முடுகன்மானி காட்டும் கோணத்தை 0.02ஆற் பெருக்கி, இரண்டையும் கூட்டுவது வழக்கமான எளிய முறையாகும்.

இந்த 0.98 எங்கிருந்து வந்தது? எந்தப் பௌதிக விதியும் அதனைக் கட்டளையிடவில்லை. செய்நிரல் எழுதுபவர் அதனை 0.9 ஆக்கினால் காட்டி பதறும், 0.999 ஆக்கினால் சோம்பும். எப்பயனுக்கு எது பொருந்தும் என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. அத்தீர்மானம் முடிவிற் காட்டப்படும் கோணத்தில் தடயமின்றி மறைந்துவிடுகின்றது.

நான்காம் பயிற்சி: ‘ஓர் அடி’ என்பது யாது?

மேற்கூறியவை யாவும் நடையை எண்ணும் பயிற்சியில் ஒன்றுசேர்கின்றன. மூன்று அச்சுகளின் பெறுமானங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த விசையின் அளவு கிடைக்கும். நடக்கும்போது அது 9.8ஐச் சுற்றி ஏறியிறங்கும். செய்நிரலிலே ஒரு வரி எழுதுகின்றோம்: பெறுமானம் 12ஐ மீறின், முந்திய அடிக்குப் பின் 0.3 செக்கன் கழிந்திருப்பின், எண்ணிக்கையை ஒன்றாற் கூட்டுக.

இளைஞர் ஒருவர் விரைந்து நடந்தால் எண்ணிக்கை ஓரளவு சரியாக வரும். முதியவர் ஒருவர் காலை இழுத்து மெல்ல நடந்தால் 12ஐ எட்டாது; அவர் நடக்கவேயில்லை என்று செய்நிரல் கூறும். எல்லைப் பெறுமானத்தை 10.5ஆகக் குறைத்தால் முதியவரின் அடிகள் எண்ணப்படும். ஆனால் பேருந்தின் குலுக்கமும் நடையாகிவிடும். கருவி மணிக்கட்டிலே கட்டப்பட்டிருந்தால், தள்ளுவண்டியைப் பிடித்துச் செல்பவரின் கை ஆடாது. சைக்கிள் உழக்குபவரின் உழைப்பு முழுவதும் காலில் இருக்கும். இரு சாராரையும் எண்ணிக்கை குறைத்தே மதிப்பிடும். இங்கு உணரி பழுதடையவில்லை. எவருடைய உடல் மாதிரியாகக் கொள்ளப்பட்டது என்பதே வினா.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் புகழ்பெற்ற இலக்கும் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானியொன்றுக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்ற பொருள்படும் ‘மன்போ-கெய்’ என்னும் பெயர் இடப்பட்டது. விற்பனைப் பெயர் நாளடைவில் உடல்நல விதியாயிற்று.

எல்லைப் பெறுமானமும் அதிகாரமும்

‘இப்பெறுமானத்தை மீறின் இவ்வாறு செய்க’ என்ற அவ்வொரு வரி, விளையாட்டுக் கருவியில் இருக்கும்வரை தீங்கற்றதாகத் தோன்றலாம். காற்றுப்பையின் வரலாறு மறுபுறத்தைக் காட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே அது இருக்கைப் பட்டி அணியாத நடுத்தர உடலளவுள்ள ஆணொருவரைக் காக்கும் வகையிற் பரீட்சிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய வேகத்துடன் விரிந்த பை, 1990களிற் சிறுவர் பலரையும் குறுகிய உருவினரான பெண்கள் சிலரையும் கொன்றது. 1997இல் விதிகள் மாற்றப்பட்டு, விரியும் விசையைக் குறைக்க இடமளிக்கப்பட்டது. உணரி மோதலைச் சரியாகவே அறிந்தது. அளவுகோலாக எடுக்கப்பட்ட உடல் எல்லாருடைய உடலும் அன்று.

தொழிற்களத்தில் இது மேலுங் கூர்மையடைகின்றது. உழைப்பின் அசைவை அளக்கும் ஆசை புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கில்பிறெத் தம்பதியர் தொழிலாளரின் கைகளிற் சிறு விளக்குகளைப் பொருத்தி, நீண்ட நேரம் ஒளிபடச் செய்த புகைப்படத்தில் அவர்தம் அசைவை ஒளிக்கோடாகப் பதிந்து ஆராய்ந்தனர். இன்று விளக்கும் வேண்டியதில்லை. வாடகை வாகனச் செயலி நிறுவனமான ஊபர், சாரதிகளின் கைப்பேசியிலுள்ள அசைவுணரிகளைக் கொண்டு வாகனம் செலுத்தும் முறையைக் கணிப்பதை 2016இல் வெளிப்படுத்தியது. கண்காணிக்கும் கருவியைத் தொழிலாளரே தம் பணத்தில் வாங்கிச் சுமக்கின்றார் என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

வாகனம் திடீரென நிறுத்தப்பட்டால் உணரி அறிவது, சிறு திணிவொன்று முன்னோக்கி விலகியதை மட்டுமே. வீதியிலே குழந்தையொன்று ஓடி வந்ததா, சாரதி அயர்ந்திருந்தாரா என்பதை அவ்விலகல் கூறாது. அதற்குக் ‘கடுமையான தடுப்பு’ எனப் பெயரிடுவதும், இத்தனைக்கு மேல் இருப்பின் புள்ளி குறைக்க என விதிப்பதும் எல்லைப் பெறுமானத்தை எழுதியவரின் செயல்கள். ஆயின் சாரதியின் முன் அவை ‘தரவு’ என்ற பெயரில், எவருடைய விருப்பமும் கலவாத இயற்கை உண்மைபோல வந்து நிற்கின்றன. மனிதரிடையேயுள்ள உறவு பொருள்களிடையேயுள்ள உறவாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 1867இல் ‘மூலதன’த்தின் முதற் பாகத்தில் விளக்கினார். பண்டத்துக்கு அவர் கூறிய அம்மாயத்தோற்றம் எண்ணுக்கும் பொருந்துகின்றது. நான்காம் பயிற்சியைத் தம் கையாற் செய்து, 12ஐ 10.5 ஆக மாற்றிப் பார்த்தவர் இம்மாயத்துக்கு எளிதில் ஆட்படமாட்டார்.

சில ஐயங்கள்

செய்நிரற் கல்வி என்பது தொழிற்சந்தைக்குக் குறைந்த கூலியில் ஆள் திரட்டும் ஏற்பாடே என்று முற்போக்காளர் சிலர் ஐயுறுவர். அவ்வாறு பயன்படுத்தப்படுவதும் உண்மையே. ஆயினும், எழுத்தறிவும் ஒரு காலத்தில் எழுதுவினைஞரை உருவாக்கவே பரப்பப்பட்டது. அதே எழுத்தறிவைக் கொண்டு தொழிலாளர் துண்டுப்பிரசுரம் எழுதினர். ஒரு கல்வி எந்நோக்குடன் கற்பிக்கப்படுகின்றது என்பதே கவனிப்புக்குரியது. மேற்கண்ட பயிற்சிகளிலே உணரியை இயக்கக் கற்பதோடு நின்றுவிட்டால் முதல் ஐயம் மெய்யாகிவிடும். எல்லைப் பெறுமானத்தை யார், எவ்வடிப்படையில் நிருணயித்தார் என்ற வினாவையும் பாடத்தின் பகுதியாக்குதல் வேண்டும்.

மற்றோர் ஐயம் இதனினும் வலியது. செய்நிரல் அறிந்த சாரதியும் நிறுவனத்தின் எல்லைப் பெறுமானத்தை மாற்ற இயலாது. மேலும், 2013இல் வெளிவந்த அன்றொயிட் பதிப்பு முதல், அடிகளை எண்ணும் பணியைக் கருவியின் வன்பொருளே செய்து, முடிந்த முடிபாக ஓர் எண்ணைச் செய்நிரலுக்குக் கொடுக்கும் வசதியும் வந்துள்ளது. தீர்மானம் மேலும் ஆழத்தில் மறைகின்றது. அறிவு மட்டும் உடைமை உறவை மாற்றாது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின், எதனைக் கேட்பது என்று அறியாத போராட்டம் எளிதிற் திசைதிருப்பப்படும். அம்ஸ்ரர்டாம் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல், தம்மைப் பற்றிய தன்னியக்கத் தீர்மானங்கள் குறித்த தகவலைப் பெறச் செயலி நிறுவனச் சாரதிகளுக்கு உரிமையுண்டு எனத் தீர்ப்பளித்தது. செயலிவழித் தொழில் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்றுக்கொண்ட நெறியாணை, தன்னியக்கக் கண்காணிப்பைத் தொழிலாளருக்கு அறிவித்தலையும் முக்கிய தீர்மானங்களை மனிதர் மீளாய்தலையும் கட்டாயமாக்குகின்றது. கணக்கு எங்கே மறைந்திருக்கின்றது என்பதை அறிந்த தொழிலாளரும் அவர்தம் சங்கங்களும் முன்னின்றமையாலேயே இவை சாத்தியமாயின.

முடிவுரை

சுருங்கக் கூறின், அசைவுணரி பற்றிய கல்வி மூன்று படிகளைக் கொண்டது. உணரி உண்மையில் எதனை அளக்கின்றது என்பது முதற்படி. அவ்வளவீடு எவ்வாறு பிழைக்கின்றது, எவ்வாறு திருத்தப்படுகின்றது என்பது இரண்டாம் படி. திருத்தப்பட்ட எண் எவ்விதியினால் மனிதர் மீதான தீர்ப்பாகின்றது என்பது மூன்றாம் படி. நமது பாடசாலைகள் முதற்படியைச் சூத்திரமாகக் கற்பிக்கின்றன. ஏனைய இரண்டையும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆய்வுகூட வசதி குறைந்த கிராமப் பாடசாலையிலும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ ஒரு கைப்பேசி இருத்தல் கூடும். அதனைக் கொண்டு இம்மூன்று படிகளையும் தமிழ்மொழி மூலமே கற்பிக்கலாம். அதற்கு வேண்டிய கலைச்சொற்களும் பெரும்பாலும் நம்மிடம் உள்ளன. பௌதிக ஆசிரியரும் சமூகவியலாளரும் மொழித்துறையினரும் கூடி இதற்கான செய்முறைக் கைந்நூலொன்றை ஆக்குவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.